ஆஜர்

சான்றிதழில் எழுதியிருந்தபடி அப்பா இறந்து இருபத்தொரு மணி நேரம் ஆகியிருந்தது. அவள் கணக்கில் இருபத்திரண்டு மணி இருபது நிமிடம். அந்த வித்தியாசத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை. கூடத்துத் தரையில் மண்டியிட்டு, நகத்தால் மஞ்சள் டேப்பைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"வர்றவங்க கால்ல ஒட்டுதும்மா, அதான் சொன்னேன்" என்றார் எதிர்வீட்டுத் தையல்காரர். "நாலு மணிக்கு வண்டி வந்துடும். தூக்குறவங்க இடறிடக் கூடாது பாருங்க."

நேற்று மாலை ஐந்தரைக்கு, தைத்து முடித்த சட்டையைக் கொடுக்க வந்தவர் அவர்தான். கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு, தன்னிடமிருந்த மாற்றுச் சாவியால் திறந்திருக்கிறார். அதனால்தான் சான்றிதழில் ஐந்தரை.

டேப் இரண்டு கோடுகளாக, சுவரிலிருந்து விசிறிபோல் விரிந்து போயிருந்தது. நடுவில் எப்போதும் அப்பாவின் நாற்காலி இருக்கும். இப்போது அங்கே அப்பாவைப் படுக்கவைத்திருந்தார்கள். நாற்காலி சுவரோரம் தள்ளப்பட்டு, யாரோ ஒருவருடைய கைப்பையைச் சுமந்துகொண்டிருந்தது.

அந்தக் கோடுகளைப் போட்டது அப்பாதான்.

ஆறு மாதத்துக்கு முன்பு, அவளும் அவருமாகக் கேமரா வாங்கக் கடைக்குப் போயிருந்தார்கள். அவள் ஐந்து மணி நேரப் பயணத் தொலைவில், தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். அம்மா போன பிறகு அப்பா தனியாகத்தான் இருந்தார். முப்பத்துநான்கு வருடம் லிஃப்ட் பழுது பார்த்தவருக்கு எந்தப் பொருளையும் அப்படியே நம்பி வாங்கத் தெரியாது. வெளிக் கேமராவின் பின்மூடியைத் திருகிக் கழற்றி, ரப்பர் வளையத்தை விரலால் அழுத்திப் பார்த்தார்.

"மழை பெஞ்சா தாங்குவியா?" என்று கேமராவையே கேட்டார்.

"தாங்கும் சார்" என்றார் கடைக்காரர். "பேட்டரியில ஓடுறது வேணுமா, ஒயர் வச்சதா?"

"ஒயர். பேட்டரின்னா மாசாமாசம் நானில்ல ஏணி ஏறணும்."

"தெரு முழுக்கத் தெரியணுமா சார், வர்றவங்க முகம் தெரியணுமா?"

"முகம். தெருவை நான் பார்த்துக்கறேன்."

வாசலுக்கு ஒன்று, பின்பக்கத்துக்கு ஒன்று. அரை மணியில் முடிந்துவிட்டது. வீட்டுக்குள் வைப்பதில்தான் தகராறு.

"வெளியில திருடன் வருவான், சரி. உள்ள யாரு வரப்போறா, நான்தானே? என்னைப் பிடிக்கவா கேமரா?"

"நீங்க நல்லா இருக்கீங்களான்னு பார்க்கத்தான்ப்பா."

"போன்ல கேட்டா சொல்ல மாட்டேனா?"

"நீங்க எப்பவும் நல்லாத்தான் இருக்கேன்னு சொல்வீங்க."

கடைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு உருண்டையான ஒன்றை எடுத்து வைத்தார். "இது சுத்தும் சார். ஆள் போற பக்கமெல்லாம் தானாத் திரும்பிப் பார்க்கும்."

அப்பா அதைக் கையில் வாங்கவில்லை. "அந்த மாதிரி ஒருத்தி இருந்தா எங்க வீட்ல. போயி மூணு வருஷம் ஆச்சு. எனக்குப் பழக்கம் விட்டுப்போச்சு."

அதனால் திரும்பாத கேமராவாக ஒன்று வாங்கினார்கள். அவரே ஸ்டூல் போட்டு ஏறி மாட்டினார். அவள் கைபேசியில் பார்த்து, இதுவரை தெரியுது, இதுக்கு மேல தெரியல என்று சொல்லச் சொல்ல, தரையில் டேப் ஒட்டினார்.

"மீட்டர், நல்லாக் கேட்டுக்க" என்றார். சின்ன வயதில் அவள் ஸ்கேலும் கையுமாகத் திரிந்ததால் வைத்த பெயர் அது. "கோட்டுக்கு உள்ள பொது இடம். கோட்டுக்கு அந்தப் பக்கம் என் வீடு. அங்க நான் சட்டை போடாம இருப்பேன், தனியாப் பேசுவேன், பாட்டுகூடப் பாடுவேன். நீ கேட்கக் கூடாது. காலையில பதினொரு மணி, சாயங்காலம் நாலு மணி, ரெண்டு வேளை நாற்காலியில வந்து உட்காருவேன். ஆஜர். போதுமா?"

அதுதான் விதி. நாற்காலியில் அப்பா இருந்தால் எல்லாம் சரி.

அவள் பேசும் பொத்தானை அழுத்தினால் இந்தப் பக்கம் கேமராவில் 'டிக்' என்று சின்னச் சத்தம் கேட்கும். அவள் வாய் திறப்பதற்குள் அப்பா நிமிர்ந்து, "ஆஜர்" என்பார். கண்ணயர்ந்திருந்தாலும் அந்தச் சத்தத்துக்கு விழித்துவிடுவார். லிஃப்ட் பெட்டிக்கு மேலே நின்று வேலை செய்தவருக்குக் காது கூர்மை.

டேப் பாதியில் அறுந்தது. தலையை நிமிர்த்தினாள். அண்ணன் எதிரே குந்தியிருந்தான். அவன் வந்து சேர்ந்து ஒரு மணி நேரம்தான் ஆகிறது, சட்டையைக்கூட மாற்றவில்லை.

"கேமரா ஓடிட்டுத்தானே இருந்துச்சு?" என்று மெல்லக் கேட்டான்.

"கார்டு நிரம்பிடுச்சுண்ணா. பதிவாகியிருக்காது."

தையல்காரர் தண்ணீர்க் குடத்தை ஓரமாக நகர்த்திக்கொண்டே சொன்னார்: "நிரம்பினா பழசை அழிச்சிட்டு அதும்மேலயே எழுதிக்கும்மா. அப்பாதான் சொல்வாரு. இந்தத் தெருவுக்கே பாடம் எடுத்தாரே."

அவள் டேப்பை உருட்டிக்கொண்டிருந்தாள். அண்ணன் அவளையே பார்த்தான். கோபப்படவில்லை. கைபேசியை எடுத்து அவள் முன்னால் நீட்டினான். எடுக்காத அழைப்பு. அப்பா. மூன்று ஐம்பத்திரண்டு.

"மீட்டிங்ல இருந்தேன். போனைக் குப்புறப் போட்டு வச்சிருந்தேன்." கைபேசியைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தான். "வலி வந்து கூப்பிட்டிருந்தா? நான் எடுத்திருந்தா இங்க யாரையாவது ஓடி வரச் சொல்லியிருப்பேன்ல? வர்ற வழியெல்லாம் அதே நெனப்பு, மீட்டர். எனக்குத் தெரிஞ்சாகணும்."

அவள் எழுந்தாள். ஸ்டூலை எடுத்துவந்து தானே ஏறி, கேமராவின் அடியில் நகத்தை நுழைத்துக் கார்டை எடுத்தாள். விரல்நுனியில் டேப்பின் பசை இருந்ததால் அது ஒட்டிக்கொண்டு வந்தது.

அப்பாவின் அறையில், அவர் கட்டில் விளிம்பில், மடிக்கணினியை இருவர் முழங்காலிலுமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். கோட்டுக்கு அந்தப் பக்கம். சட்டைகள் ஆணியில் தொங்கின. அண்ணன் கதவை ஒருக்களித்தான்.

மூன்று ஐம்பது. காலி நாற்காலி. பிறகு அப்பா ஓரத்திலிருந்து வந்தார். கோட்டைத் தாண்டுமுன் நின்று சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். உட்கார்ந்தார். பையிலிருந்து கைபேசியை எடுத்து, மூக்குக்கண்ணாடியை உயர்த்தி, ஒற்றை விரலால் தேடித் தேடி அழுத்தினார். காதில் வைத்துக் காத்திருந்தார்.

அண்ணன் திரையை நோக்கி இன்னும் குனிந்தான்.

"எடுக்க மாட்டான்" என்றார் அப்பா திரையில், யாரிடமும் இல்லாமல். "வேலையா இருப்பான். வாசல் கேமராவுல சிலந்தி கூடு கட்டியிருக்கு, பெரிய பூச்சாண்டியாட்டம் தெரியுதுன்னு சொன்னா சிரிப்பான். அப்புறம் சொல்லிக்கலாம்."

கைபேசியைப் பையில் போட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மடியில் வைத்தார். கால்களை நீட்டினார். சற்று நேரத்தில் தலை பக்கவாட்டில் சாய்ந்தது. கை ஒருமுறை மடியிலிருந்து எழுந்து, பாதியில் நின்று, மறுபடி மடிக்கே வந்தது. முகம் மாறவில்லை.

அண்ணன் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான். "சிலந்தி" என்றான். "சிலந்தியச் சொல்லத்தான் கூப்பிட்டிருக்காரு." அழுகையோடு சிரிப்பும் வந்தது. அவள் அவன் முதுகில் கை வைத்தாள். இப்போது நிறுத்திவிடலாம். ஒரு விசையைத் தட்டினால் போதும். அவன் நிம்மதியாகப் போய்க் குளிப்பான், வண்டிக்காரர்களிடம் பேசுவான். அவளைக் கேட்க யாரும் இல்லை.

அவள் நிறுத்தவில்லை. திரையின் மூலையில் எண்கள் நகர்ந்தன. நான்கு ஏழு. நான்கு எட்டு. அப்பா அப்படியே இருந்தார். ஜன்னல் வெளிச்சம் மட்டும் அவர் முழங்காலில் ஒரு விரற்கடை நகர்ந்திருந்தது.

நான்கு பத்து.

டிக்.

அப்பா நிமிரவில்லை.

அண்ணன் கையை எடுத்துவிட்டுத் திரையைப் பார்த்தான். "என்ன சத்தம் அது?"

அவள் அப்பாவின் மடியிலிருந்த மூக்குக்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான்ண்ணா" என்றாள். "பார்த்தேன். தூங்குறாரு, பாவம், எழுப்ப வேணாம்னு பேசாம வச்சிட்டேன்."