எட்டாம் எண் அட்டை

எங்கள் மதிய டிவி நிகழ்ச்சிக்கு இன்று முப்பது வயது. தொகுப்பாளர்கள் பேச வேண்டியதைப் பெரிய அட்டைகளில் எழுதுவது என் வேலை. அவற்றைக் கேமராவுக்குப் பக்கத்தில் பிடிப்பது பெர்ஃபெக்தா அக்காவின் வேலை. அட்டையில் இருப்பதைத் தொகுப்பாளர்கள் அப்படியே படித்துவிடுவார்கள். ஒருமுறை "இங்கே சிரிக்கவும்" என்று நான் எழுதியதை இப்போதைய தொகுப்பாளர் தாமியான் சத்தமாகப் படித்தார். மணிலா முழுக்கச் சிரித்தது. அதிலிருந்து எதையும் மூன்று முறை சரிபார்க்கிறேன்.

விழாவுக்காக இதுவரை வந்த தொகுப்பாளர்களின் பெயர்களை வருடவாரியாக எழுதச் சொன்னார்கள். என் மாலை வகுப்புக் கட்டுரைக்கும் உதவும் என்று பழைய பதிவேடுகளைப் புரட்டினேன். பதினெட்டு வருடங்களுக்கு முன், வெள்ளத்தால் தொகுப்பாளர்கள் யாரும் வர முடியாத ஒன்பது நாட்களுக்கும் ஒரே பெயர் இருந்தது: பெர்ஃபெக்தா.

"அக்கா, நீங்களா நடத்துனீங்க?"

"வேற யாரு இருந்தா? நானே அட்டையப் பிடிச்சு நானே படிச்சேன். அதெல்லாம் எழுதி மானத்த வாங்காதடி."

தயாரிப்பாளர் அமாண்டோவிடம் கேட்டேன். "ஒன்பது நாளைக்கெல்லாம் பேரா? உன் இஷ்டம். சொதப்புனா உன் தலைதான் உருளும்."

அக்காவின் பெயரையும் அந்த ஒன்பது நாட்களையும் இரண்டு முறை எழுதிக் கிழித்தேன். மூன்றாவது முறை எழுதியதற்கு எட்டாம் எண் போட்டு அடுக்கில் வைத்தேன்.

நேரலையில் அக்கா ஏழாம் அட்டையைக் கீழே போட்டார். எட்டைப் பார்த்தார். என்னை முறைத்தார். அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒன்பதைக் காட்டினார்.

தாமியான் வாயைத் திறந்து மூடினார். "ஏழுக்கப்புறம் ஒன்பதாக்கா? எட்ட யாரு முழுங்கினா?"

"பேசாம படிப்பா!"

"அதத் திருப்புங்க. இல்லாட்டி இப்படியே நிப்பேன், பாக்குறவங்க சோறெல்லாம் ஆறிடும்."

அக்கா மெல்லத் திருப்பினார். தாமியான் படித்தார். பிறகு, நான் பார்த்து முதல்முறையாக, அட்டையில் இல்லாததைப் பேசினார்.

"அதுல அஞ்சாம் நாள் பாட வேண்டியவரு வரல. இடுப்பளவு தண்ணியில நடந்து வந்து வாசல்ல நின்ன ஒருத்தனக் கூப்பிட்டு இவங்க மைக்கக் குடுத்தாங்க. அது நான்தான். நன்றிக்கா."

கண்ணைத் துடைக்கக் கை வேண்டும் என்று அக்கா அட்டைகளை என்னிடம் தள்ளினார். மிச்சத்தை நானே பிடித்தேன். பத்தாம் அட்டையைத் தலைகீழாகப் பிடித்துவிட்டேன். தாமியான் கழுத்தைச் சாய்த்து அதையும் படித்துவிட்டார்.