தரையில் படும்வரை

மூன்றாம் மாடி ஜன்னலை உடைத்துக்கொண்டு அவள் வெளியே பாய்ந்தபோது, நான் வழக்கம்போல அவளுடைய இடுப்பைத்தான் பார்த்தேன். தவறாக எண்ண வேண்டாம். சண்டைப் படங்களில் யார் விழுந்தாலும் என் கண் முதலில் போகிற இடம் அதுதான். கயிறு கட்டி இறக்கினால் இடுப்பில் துணி மேல்நோக்கி இழுபட்டு ஒரு மடிப்பு விழும். கயிற்றைக் கணினியில் அழித்துவிடுவார்கள்; மடிப்பை அழிக்க மறந்துபோவார்கள். இருபத்திரண்டு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருப்பவனுக்கு, கயிறு கண்ணில் படாவிட்டாலும் அதன் இழுவை தெரிந்துவிடும்.

இந்த முறை மடிப்பு இல்லை. சட்டை மேலே பறந்தது, முடி மேலே பறந்தது, உடம்பு மட்டும் கீழே வந்தது. காமிராவும் வெட்டாமல் கூடவே இறங்கியது. மெதுவாக ஓட்டிக் காட்டுகிற வித்தையும் இல்லை. 'அப்படிப் போடு' என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்த நிமிர்ந்த நேரத்தில்தான் இடது கையைப் பார்த்தேன். கட்டை விரல் உள்ளங்கைக்குள் மடங்கியிருந்தது. மற்ற நான்கு விரல்களும் அதன்மேல் இறுக மூடியிருந்தன.

மதில் சுவர் ஒன்று குறுக்கே வந்து கடைசி ஆள் உயரத்தை மறைத்தது. திரையில் 'இடைவேளை' என்று எழுத்து வந்தது. விளக்குகள் எரிந்தன.

ஊசி போடும்போது அப்படித்தான் மடக்குவாள். பள்ளிக்கூட மைதானத்தில் நீளம் தாண்ட ஓடிவரும்போதும், பரீட்சை முடிவு பார்க்கும்போதும் அப்படித்தான். ஏழு வயதில் எங்கள் மாடிப்படியின் நான்காம் படியிலிருந்து குதித்தபோது அந்த விரல் சுளுக்கிக்கொண்டதே அதனால்தான். "குதிக்கும்போது விரலை வெளிய வைடி கழுதை" என்று அவள் அம்மா திட்டாத நாளில்லை. திரையில் விழுந்தவளுக்குக் கதாநாயகியின் சட்டை, கதாநாயகியின் முடி. கை என் மகளுடையது.

பக்கத்து இருக்கையில் என் நண்பர். முடிதிருத்தகம் வைத்திருக்கிறார். எந்தப் படமானாலும் இடைவேளைவரை கொட்டக் கொட்ட விழித்திருந்து, பிறகு தூங்கிவிடுவதால் எங்கள் தெருவில் அவருக்கு 'இன்டர்வெல்' என்றே பெயர்.

"என்னய்யா, வாயடைச்சுப்போய் உக்காந்திருக்க? இந்தத் தடவ கயிறு சிக்கலையா?" என்றார்.

"சிக்கல."

"அப்ப நல்ல படம்னு எழுதிடு. அவன் அவன் படம் பாக்க வர்றான், நீ மட்டும்தான்யா இன்ஸ்பெக்‌ஷனுக்கு வர்ற."

சிரிக்க முயன்றேன். முழங்காலுக்குக் கீழே என் கால்கள் தன்பாட்டில் ஆடிக்கொண்டிருந்தன. ஐம்பத்தாறு மீட்டர் ஆழமுள்ள லிஃப்ட் குழிக்கு மேலே, கூண்டின் தலைமேல் நின்று சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டவன் நான். கால் ஆடியதில்லை.

என் மகள் சினிமாக் கம்பெனியில்தான் வேலை பார்க்கிறாள். ஆடைப் பிரிவில். "நடிகைங்களுக்குத் துணி மடிச்சுக் குடுக்கிற வேலைப்பா, காத்தாடிக்குக் கீழ உக்காந்த இடம்" என்று சொல்லித்தான் போனாள். வெளியே வந்து கைபேசியில் அழைத்தேன். முழுதும் அடித்து ஓய்ந்தது. பிறகு ஒரு செய்தி வந்தது: 'வேலைல இருக்கேன்பா. வழக்கம்போல அஞ்சரைக்குக் கூப்பிடறேன்.'

இங்கே என் கடிதங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் சிறிய ஊர்ப் பள்ளியில் கடிதம் எழுதக் கற்றுக்கொடுத்த முறையில், வலப்பக்கம் தேதி, நடுவில் 'பொருள்', கீழே எண் போட்ட பத்திகள் என்று, பார்த்த சண்டைப் படம் ஒவ்வொன்றுக்கும் ஒரு கடிதம் எழுதி வருகிறேன். முன்பு பத்திரிகைகளுக்குத் தபாலில் அனுப்பினேன். பத்திரிகைகள் நின்றுபோன பிறகு, மகள்தான் இணையத்தில் ஒரு பக்கம் தொடங்கித் தந்தாள். நான் காகிதத்தில் எழுதிப் படம் பிடித்து அனுப்புவேன். அவள் தட்டச்சு செய்து ஏற்றுவாள். என் எழுத்துப் பிழைகளைத் திருத்துவாள், கருத்தைத் தொடமாட்டாள்.

என் கருத்துகள் கறாரானவை. கயிற்றை அறுத்தால் லிஃப்ட் விழுவதாகக் காட்டும் படத்துக்கு நான் மதிப்பெண்ணே போடுவதில்லை. ஒரு கயிறு போனால் மற்றவை தாங்கும், எல்லாமே போனாலும் பக்கவாட்டுக் கவ்விகள் தண்டவாளத்தைப் பிடித்துக்கொள்ளும். வெடிக்கிற கட்டடத்துக்கு முதுகைக் காட்டி நடந்து வருகிறவன் வீரன் அல்ல, காது கேளாதவன். புதையல் தேடிக் காட்டுக்குள் போகிறவர்களின் சட்டை ஒன்பதாம் நாளும் வெளுப்பாக இருந்தால் எழுந்து வந்துவிடலாம். இவற்றை எழுதும்போது எனக்கே சிரிப்பு வரும். சிரிப்பில்லாமல் எழுதியது ஒன்றுதான். போன வருடக் கடிதமொன்றில், மூன்றாவது பத்தி: 'விழுகிறவர் தரையில் படும்வரை காமிரா கண் இமைக்கக் கூடாது. நடுவில் வெட்டினால் அது விழுவது அல்ல, ஏமாற்றுவது. ஒரே ஒருவராவது இதைச் செய்து காட்டட்டும். அன்றைக்கு எழுந்து நின்று கைதட்டுவேன்.'

அதை ஏற்றிவிட்டு அவள் எனக்கு ஒரு வரி அனுப்பியிருந்தாள்: 'கரெக்ட்பா. யாராச்சும் ஒருத்தர் செய்யத்தான் வேணும்.'

படம் முடிந்ததும் இன்டர்வெல்லை எழுப்பி அனுப்பிவிட்டு, அடுத்த காட்சிக்கு இன்னொரு டிக்கெட் வாங்கி முதல் வரிசையில் போய் உட்கார்ந்தேன். அவ்வளவு அருகில் உருவங்கள் ஓரங்களில் கோணலாகத் தெரியும். ஆனால் கை நன்றாகத் தெரியும். அந்த இடம் நெருங்க நெருங்க, அது வேறு யாருடைய கையாகவாவது இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். யார் பெற்ற பிள்ளையோ போகட்டும் என்றுதானே அதற்கு அர்த்தம் என்று உடனே உறைத்தது. உறைத்த பிறகும் வேண்டிக்கொண்டேன்.

கண்ணாடி உடைந்தது. அவள் வந்தாள். தரைக்குப் பத்து மீட்டர்; ஒன்றரை நொடிகூட இல்லை. கட்டை விரல் உள்ளேதான் இருந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் போனதும் தியேட்டரே அதிரும்படி ஒரு சத்தம் போட்டிருந்தார்கள். நான் எந்தக் கடிதத்திலும் எழுதாத கருத்து ஒன்று உண்டு. நிஜத்தில் அந்தச் சத்தம் பெரிதாக இருக்காது. ஒரு கட்டடத்தில் வர்ணம் அடிப்பவர் ஒருவர் திறந்திருந்த குழிக்குள் தவறி விழுந்தபோது நான் மேல்தளத்தில் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். ஈரத் துணி மூட்டையை யாரோ இறக்கி வைத்ததுபோல இருந்தது. அவ்வளவுதான். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை நான்.

மதிலுக்குப் பின்னால் காற்றுப் பை வைத்திருப்பார்கள். அட்டைப் பெட்டிகளை அடுக்கியிருப்பார்கள். வைத்திருப்பார்கள்தான். ஆனால் அதே இடத்தில் காமிராவுக்கு அது தெரியாதபடி மதிலையும் வைத்திருக்கிறார்கள். தெரியாத இடத்தில் என்ன வேண்டுமானாலும் இருக்கலாம், ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம்.

கடைசியில் பெயர்கள் ஓடத் தொடங்கின. எல்லோரும் எழுந்து போனார்கள். சண்டைக் கலைஞர்கள் என்ற தலைப்பு வந்து, கீழே எறும்புச் சாரி மாதிரி பெயர்கள் ஏறும் நேரத்துக்குச் சரியாக விளக்குகளைப் போட்டுவிட்டார்கள். திரை வெளுத்துப்போனது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றேன். பொரிப் பொட்டலங்களைக் கூட்டிப் பெருக்க வந்த அம்மாள் என்னைப் பார்த்துத் துடைப்பத்தை நிறுத்தினார்.

"சொந்தக்காரங்க யாராச்சும் பேரு வருதா?"

"தெரியல. அதான் பாக்குறேன்."

"நல்லாப் பாருங்க. நான் அந்தப் பக்கம் மொதல்ல கூட்டிக்கிறேன்" என்று அடுத்த வரிசைக்குப் போனார். பார்த்துக்கொண்டே இருந்தேன். எழுத்துகள் எப்போது நின்றன என்பதுகூடத் தெரியவில்லை.

வீட்டுக்கு நடந்து வரும் வழியில் எல்லாவற்றையும் வரிசைப்படுத்தினேன். என் புத்திக்கு அது ஒன்றுதான் தெரியும். ஐந்து மாதங்களாக அவள் வீட்டுக்கு வரவில்லை. அத்தை மகன் கல்யாணத்துக்குக்கூட வரவில்லை. அந்த மாதங்களின் தொடக்கத்தில் ஒன்பது நாட்கள், 'தொண்டை கட்டியிருக்கு, பேச முடியல' என்று எழுத்தில் மட்டும் செய்தி. அதன் பிறகு வந்த அழைப்புகள் எல்லாவற்றிலும் முகம் மட்டும்; நெற்றியிலிருந்து கழுத்துவரை, பின்னால் ஒரே நீலச் சுவர். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அதே குளோசப்பைப் பார்த்துக்கொண்டு, 'படச் சட்டத்துக்கு வெளியே என்ன இருக்கிறது' என்று ஒருமுறைகூட நான் கேட்கவில்லை. இதற்கு என்னை ரசிகன் என்று வேறு சொல்லிக்கொள்கிறேன்.

எங்கள் வீடு மூன்றாம் மாடி. படி ஏறத் தொடங்கியபோதுதான் அது நினைவுக்கு வந்தது. இரண்டு மாதத்துக்கு முன் ஒரு அழைப்பில் அவள் கேட்டாள்: "நம்ம பில்டிங்ல லிஃப்ட் எப்பப்பா போடுவாங்க?"

"ஊருக்கெல்லாம் ஓட்டி விடுறவன் வீட்டுல படிதான்டி" என்று நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மொத்தம் ஐம்பத்து நான்கு படிகள். அத்தனை வருடம் ஏறியும் அன்றைக்குத்தான் எண்ணினேன்.

"ரெண்டு ஆட்டமும் பாத்துட்டா வர்றீங்க? அங்கயே ஒரு பாயப் போட்டுக்க வேண்டியதுதானே" என்றாள் மனைவி. முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னங்க, படம் நல்லால்லயா?" என்றாள். பாதியில் நிறுத்திய தையலுக்கு ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறந்தால் போதும். திறந்திருந்தால் அந்த ஊசி என்ன ஆகியிருக்கும் என்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

"பரவால்ல" என்றேன்.

ஐந்தரைக்குச் சரியாக அழைப்பு வந்தது. மனைவிதான் எடுத்தாள். முகம் மெலிந்துவிட்டது, எண்ணெய் வைப்பதில்லை, பின்னால் அந்தச் சுவரில் ஒரு படமாவது மாட்டக்கூடாதா என்று அடுக்கினாள். "வெறும் முகத்தையே காட்டுற, பாஸ்போர்ட்டு போட்டோ மாதிரி" என்றும் சொன்னாள். நான் அவள் தோளுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். வெளியே இடி உருண்டது. "ஐயோ, மேல துணி காயுது. இந்தாங்க, பேசிட்டு இருங்க" என்று கைபேசியை என்னிடம் தந்துவிட்டு மொட்டைமாடிக்கு ஓடினாள்.

நெற்றியிலிருந்து கழுத்துவரை என் மகள். நீலச் சுவர்.

"படம் பாத்தீங்களாப்பா?" குரலில் ஓர் அவசரம் இருந்தது.

"பாத்தேன்."

"எப்படி இருந்துச்சு?" பதிலுக்குக் காத்திராமல் அவளே தொடர்ந்தாள். "அந்த ஜன்னல் ஷாட்டு... கட்டே இல்லைல்ல? மூணாவது பாயின்ட்டு?"

கண்கள் பளபளத்தன. பரீட்சைத் தாளை நீட்டிவிட்டு நிற்கிற அதே முகம். எழுந்து நின்று கைதட்டுவேன் என்று எழுதிக்கொடுத்திருந்தேன். நான் நின்றுகொண்டுதான் இருந்தேன். கையில் கைபேசி இருந்தது.

"மதிலுக்கு அந்தப் பக்கம் என்ன வச்சிருந்தாங்க?"

"எந்த மதிலு?"

"கட்டை விரல வெளிய வைன்னு உங்கம்மா எத்தனை தடவ சொல்லியிருக்கா?"

படம் உறைந்துவிட்டதோ என்று நினைத்தேன். பிறகு கண் இமைத்தது.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. துணி எடுக்கப் போயிருக்கா. வர்றதுக்குள்ள நான் சொல்றதச் செய். போன எங்கயாச்சும் சாய்ச்சு வை. கதவுலேர்ந்து ஜன்னல்வரைக்கும் நட. நான் பாக்கணும்."

"அப்பா, இங்க சிக்னல் சரியா..."

"ஒரே ஷாட்டுல" என்றேன். "வெட்டாம."

"நான் நல்லாத்தான்பா இருக்கேன்."

"இருந்தா நட."

அவள் என்னையே பார்த்தாள். அப்புறம், ஏழு வயதில் மருந்தைக் குடித்துவிட்டுக் காட்டுகிற அந்தக் கோணல் சிரிப்பு. "நடந்து காட்டுனா உங்க கடிதத்துல நல்லபடியா எழுதுவீங்களா?"

கைபேசியைக் கண்ணுக்கு இன்னும் கிட்டே பிடித்தேன்.

படம் குலுங்கியது. கூரை தெரிந்தது, மின்விசிறி தெரிந்தது, பிறகு எல்லாம் சரிந்து ஓரிடத்தில் நின்றது. முதன்முறையாக அந்த அறையைப் பார்த்தேன். நீலச் சுவர் நான் நினைத்ததைவிட நீளமாக இருந்தது. இடப்பக்கம் மூடிய கதவு, வலப்பக்கம் ஜன்னல், நடுவில் ஒன்றுமில்லாத தரை. ஜன்னல் வெளிச்சம் அதில் ஒரு துண்டாக விழுந்திருந்தது. அவளைக் காணவில்லை. நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. எதையோ சுவரில் சாய்த்து வைக்கும் சத்தம். அது எது என்று தெரியவில்லை. ஒரு மூச்சு.

மொட்டைமாடிப் படியில் என் மனைவி இறங்கி வரும் ஓசை கேட்கத் தொடங்கியது. நான் திரும்பவில்லை. கட்டை விரல் தவறிப்போய்த் திரையின் அடியிலிருந்த சிவப்புப் பொத்தானில் பட்டுவிடுமோ என்று பயந்து, கைபேசியை வலக்கைக்கு மாற்றினேன். இடக்கை விரலை உள்ளங்கைக்குள் மடக்கி, மற்ற விரல்களால் இறுக மூடிக்கொண்டேன்.

சட்டத்தின் இடது ஓரத்தில், கதவை ஒட்டி, முதலில் ஒரு பாதம் வந்து தரையில் பட்டது. நான் கண் இமைக்காமல் அடுத்த பாதத்துக்காகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.