கடுகு மஞ்சள்

தரணீதரன் எழுந்து மோட்டார் போட்டான். பால் பாக்கெட்டை வெட்டிக் காய்ச்சினான். மேலே தொட்டி நிரம்பி வழிகிற சத்தம் கேட்டதும் மோட்டாரை நிறுத்தினான். மகள் வர்ஷினியை எழுப்பிப் பல் தேய்த்துவிட்டு, பாலைக் கொடுத்து, தலைவாரி இரட்டைக் குடுமி போட்டான். ஒன்று காதுக்கு மேலே நின்றது, இன்னொன்று பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது. அவிழ்த்து மறுபடியும் போட்டான். இப்போது இரண்டும் இடம் மாறி நின்றன. அப்படியே விட்டுவிட்டான். தோசை ஊற்றினான். ஓரம் தீய்ந்ததைத் தான் எடுத்துக்கொண்டான். துவைத்த துணிகளைக் கொடியிலிருந்து எடுத்து, மடிக்காமல் நாற்காலியில் போட்டான். போன வாரத்துத் துணிகளும் அதே நாற்காலியில்தான் இருந்தன.

உடுமலைப்பேட்டையிலிருந்து மாமியார் தெய்வாத்தாள் கூப்பிட்டார். தினமும் இந்த நேரத்துக்குக் கூப்பிடுவார்.

"மாப்ள, சாப்டீங்களா? கண்ணு எந்திரிச்சுதுங்களா?"

"ஆச்சுங்கத்தே."

"பாத்துக்கங்க மாப்ள. போறப்பக்கூட அவ அதத்தான சொல்லிட்டுப் போனா."

"ஆமாங்கத்தே."

அவன் மனைவி அனுப்பிரியா அப்படிச் சொல்லிவிட்டுப் போகவில்லை. மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தது, டெங்கு என்றார்கள், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான், திரும்பக் கூட்டிவரவில்லை. துக்கத்துக்கு வந்த யாரோ, "கடைசியா என்ன கண்ணு சொன்னா?" என்று அவனிடம் கேட்டார்கள். பக்கத்திலிருந்த பெரியம்மாதான் முந்திக்கொண்டு, "கொழந்தயப் பாத்துக்கங்கன்னுதான் சொல்லியிருப்பா, வேற என்னத்தச் சொல்லுவா" என்றார். பொழுது சாய்வதற்குள் 'சொல்லியிருப்பா' என்பது 'சொன்னா' என்று ஆகிவிட்டது. மறுக்க அவனுக்குத் தெம்பில்லை. பிறகு மறுக்க இடமில்லை. அத்தை அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் நடமாடிக்கொண்டிருந்தார்.

பிரிசில்லா வந்துவிட்டாள். மாடி வீட்டில் குடியிருப்பவள், நாசரேத் பக்கம். தையல்காரி. கையில் ஒரு பை.

"அண்ணே, கெளம்பியாச்சா? ஞாயித்துக்கெழம சர்ச்சுக்குப் போவாம உங்க கூட வாரேன். ஆண்டவருக்கு நான் பதில் சொல்லிக்கிடுதேன், இன்னைக்கு நீங்க எனக்கொரு பதில் சொல்லிருங்க."

அவளுக்கு வேண்டிய பதில் எதுவென்று அவனுக்குத் தெரியும். அனுவும் அவளும் சேர்ந்து 'குட்டி பனியன்' என்று இன்ஸ்டாவில் ஒரு பக்கம் நடத்தினார்கள். எக்ஸ்போர்ட் கம்பெனிகளில் மிஞ்சுகிற துணியை வாங்கி, அனு வெட்டுவாள், பிரிசில்லா தைப்பாள், மொட்டைமாடியில் கோரைப்பாயை விரித்து அனுவே படம் எடுப்பாள். வீடியோவில் குரல் கொடுப்பவளும் அவள்தான். நன்றாகத்தான் போனது, ஒரே ஒரு தொல்லையைத் தவிர. படத்தில் ஒரு கலர், வந்தது வேறு கலர் என்று துணி திரும்பி வந்தது. ஃபோன் எல்லாக் கலருக்கும் பவுடர் பூசிவிடுகிறது என்று அனு திட்டுவாள். கல்யாணத்துக்கு முன்பு ஒரு சாயப்பட்டறை லேபில் சேட் பார்த்தவள், சாயமேறிய துணி கேட்ட கலரில் இருக்கிறதா என்று ஒப்பிட்டுச் சொல்கிற வேலை. ஒரு கலரை இன்னொரு கலராகக் காட்டுவது அவளுக்குப் பொய் சாட்சி சொல்வதைப் போல. நல்ல கேமரா ஒன்று வாங்குவோம், புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்கள் வாங்குகிற சாதாரண டிஎஸ்எல்ஆர் போதும், படமும் எடுக்கலாம் வீடியோவும் எடுக்கலாம் என்றாள். அவன் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர், ஆர்டருக்கு வேண்டியதைப் பார்த்து வாங்குகிறவன். ஆராயாமல் ஒரு பட்டன்கூட வாங்க மாட்டான். யூடியூபில் ஒவ்வொரு கேமராவாகப் பார்த்தான், ஒப்பிட்டான், தீபாவளித் தள்ளுபடி வரட்டும் என்றான். தீபாவளிக்கு அவள் இல்லை.

அதன் பிறகு அந்தப் பக்கத்தில் எதுவும் ஏறவில்லை. அனு வெட்டிவைத்த துணிகளை எல்லாம் பிரிசில்லா தைத்து முடித்து அடுக்கிவைத்திருந்தாள். அருள்புரத்தில் ஒரு கம்பெனியில் அவளை லைன் சூப்பர்வைசராகக் கூப்பிட்டிருந்தார்கள். திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். பக்கம் ஓடுமென்றால் இருப்பாள், இல்லையென்றால் போய்விடுவாள். அதில் அவனுக்கு வருத்தப்பட ஒன்றுமில்லை என்று அவனே நினைத்திருந்தான். ஆனால் அவள் போய்விட்டால் அனுவின் பேச்சை எடுக்க அந்த வீட்டில் ஆளிருக்காது.

திருப்பூர் ராயபுரத்துக் கேமராக் கடையில் தமிழ்செல்வன் என்ற விற்பனையாளன் மூன்று கேமராக்களை எடுத்து வைத்தான். கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவன். பேச்சில் அவசரமில்லை.

"மொதல்ல வாங்கறவங்களுக்கு இது போதுங்ணா. கூட வர்ற லென்ஸே துணிக்குத் தாராளம். வீடியோவும் எடுக்கறதுன்னா இது ரெண்டுல ஒண்ணப் பாருங்க, மைக் சொருகலாம், ஸ்கிரீன் திரும்பும். ஆளில்லாம நீங்களே எடுத்துக்கலாம்."

தரணீதரன் பையிலிருந்து ஒரு சின்ன கவுனை எடுத்து மேசையில் விரித்தான். கடுகு மஞ்சள். ஃபோனுக்குப் பிடிபடாத கலர் அதுதான். கூடவே அந்தத் துணியின் கலருக்கு அளவாக வைத்திருக்கும் லேப் சாம்பிள் துண்டையும் எடுத்து வைத்தான். முதல் கேமராவில் படம் எடுத்து, திரைக்குப் பக்கத்தில் சாம்பிளைப் பிடித்துப் பார்த்தான்.

"இங்க டியூப்லைட்டுங்க. வெளிச்சத்துல கொண்டுபோய்ப் பாக்கலாங்களா?"

மூன்று கேமராவும் கடை வாசலுக்கு வந்தன. தெருவில் போகிறவர்கள் பார்த்துக்கொண்டு போனார்கள். அவன் கவுனைத் திருப்பினான், நிழலில் வைத்தான், வெயிலில் வைத்தான், குனிந்தான், எட்டப் போய்ப் பார்த்தான்.

"அண்ணே, நீங்க கேமரா வாங்க வந்தியளா, பொண்ணு பாக்க வந்தியளா?" என்றாள் பிரிசில்லா.

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. முந்தானையை எடுத்து வாயை மூடிக்கொண்டாள். தமிழ்செல்வன் எதுவும் புரியாமல் சிரித்துவைத்தான்.

"அன்னைக்கு இவ்வளவு நேரம் பாக்கலீங்க," என்றான் தரணீதரன். "ஊட்டுக்குள்ள போனோம், டீ குடிச்சோம், சரின்னுட்டேன். தீபாவளி வரட்டும்னெல்லாம் சொல்லல."

பிரிசில்லா சிரித்தாள். கண்ணையும் அதே முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

கலர் மட்டும் பிடிபடவில்லை. கேமராவுக்கு வெள்ளை எது என்று முதலில் காட்டிக்கொடுத்துவிட்டால் மற்ற கலர்கள் சரியாகிவிடும் என்றான் தமிழ்செல்வன். "வெள்ளத்துணி ஏதாச்சும் இருக்குங்களா?"

திருப்பூரில் அப்படிக் கேட்கலாமா? பிரிசில்லா பையிலிருந்து ஒரு புதுக் குழந்தைப் பனியனை உருவினாள். பளபளவென்று, கண்ணைப் பறிக்கிற வெள்ளை. அதைக் காட்டி செட் செய்து எடுத்தார்கள். கடுகு மஞ்சள் மாம்பழமாகிவிட்டது. அடுத்த கேமராவிலும் மாம்பழம். மூன்றாவதிலும் மாம்பழம்.

"மூணும் சரியில்லீங்க," என்றான் தரணீதரன்.

"கேமராவ சேட் பாத்து ரிஜெக்ட் பண்ணுன மொத ஆளு நீங்கதாங்ணா," என்றான் தமிழ்செல்வன். கும்பிடுவதைப் போலக் கையை வைத்துக்கொண்டான்.

வர்ஷினி அந்தப் பனியனை எடுத்துத் தன் தலையில் போட்டுக்கொண்டு வாசலில் சுற்றினாள். வெயில் பட்டதும் அது லேசாக நீலம் அடித்தது. தரணீதரன் பார்த்துக்கொண்டே நின்றான். வெள்ளையை இன்னும் வெள்ளையாகக் காட்டுவதற்குப் பட்டறையில் ஒரு மருந்து போடுவார்கள். கண்ணுக்குத்தான் அது வெள்ளை. வெயிலில் நீலம். நீலத்தைக் காட்டி இதுதான் வெள்ளை என்று சொன்னால், பாவம், கேமரா நம்பிவிட்டது. அதன்படி மற்றதையெல்லாம் மஞ்சளாக்கிக் கொடுத்தது.

"தப்பு நம்மளுதுங்க," என்றான். "இது வெள்ளையே இல்ல."

"நல்லா இருக்கே கத! நாட்டுக்கே பனியன் தைக்கோம், கையில ஒரு உண்மையான வெள்ள இல்லியாக்கும்?" என்றாள் பிரிசில்லா.

அவன் சிரித்தான். சத்தமாகவே வந்துவிட்டது. வர்ஷினி பனியனை விலக்கிவிட்டு அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். அனுவாக இருந்தால் முதல் படத்திலேயே கண்டுபிடித்திருப்பாள், கண்டுபிடித்ததை ஒரு வாரம் சொல்லிக் காட்டியிருப்பாள் என்று நினைத்தான். அப்படி நினைத்தும் நெஞ்சு அடைக்காமல் இருந்தது அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது.

தமிழ்செல்வன் உள்ளே போய் ஒரு சாம்பல்நிற அட்டையைக் கொண்டுவந்தான். அதைக் காட்டி எடுத்ததும் கடுகு கடுகாக வந்தது. சாம்பிளைப் பக்கத்தில் பிடித்தான். எது துணி, எது படம் என்றில்லாமல் ஒன்றாக இருந்தன.

"அப்ப நாளைக்கி அருள்புரத்துக்குப் போனப் போட்டு நான் என்னன்னு சொல்லட்டும்?" பிரிசில்லா மெல்லக் கேட்டாள்.

அவன் அவளைப் பார்க்கவில்லை. கவுனை மடித்து அவள் கையில் கொடுத்தான். "வீடியோவும் எப்படி வருதுன்னு பாத்துரலாங்க," என்றான் தமிழ்செல்வனிடம்.

வீடியோவுக்கு மாற்றிக் கொடுத்தார்கள். அவன் கேமராவின் பின்பக்கத்துத் துளையில் கண்ணை வைத்துப் பார்த்தான். இருட்டாக இருந்தது.

"அதுல தெரியாதுங்ணா. போட்டோ எடுக்கறப்பத்தான் கண்ணாடி வழியாத் தெரியும். வீடியோன்னா உள்ள இருக்கற கண்ணாடி மேல போயிரும். நீங்க இங்க வந்து உக்காருங்க, நான் புடிக்கறேன். சவுண்டும் பாத்துரலாம்."

ஸ்டூலில் உட்கார்ந்தான். வர்ஷினி ஓடிவந்து மடியில் ஏறிக்கொண்டாள். தமிழ்செல்வன் சட்டையில் ஒரு சின்ன மைக்கை மாட்டிவிட்டு, திரையை அவர்கள் பக்கம் திருப்பினான். சின்னச் சதுரத்துக்குள் அவனும் மகளும். ஒரு குடுமி மேலே, ஒன்று பின்னால். ஓரத்தில் சிவப்புப் புள்ளி எரிந்தது.

"ஏதாச்சும் பேசுங்ணா."

"என்ன பேசறது?"

"நம்ம பேஜுல அக்கா பேசுவாவல்லா, அது மாதிரி பேசுங்க," என்றாள் பிரிசில்லா.

சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டே இருந்தது. வர்ஷினிதான் திரையைப் பார்த்துப் பேசினாள். "எங்கம்மா இல்ல, எங்கம்மா, என்னையப் பாத்துக்கச் சொல்லிட்டுத்தான் சாமிகிட்டப் போனாங்க." பிறகு அவன் தாடையைப் பிடித்துத் திருப்பினாள். "ஆமாந்தானப்பா?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம். தினமும் காலையில் சொல்கிற வார்த்தைதான். அவன் திரையில் தெரிந்த மகளின் முகத்தைப் பார்த்தான். மாநிறம், கன்னத்தில் கொசு கடித்த தடம், எல்லாம் உள்ளபடி இருந்தன.

"இல்ல கண்ணு. அதெல்லாம் என்கிட்டச் சொல்லணும்னே அம்மாவுக்குத் தோணியிருக்காது. அம்மா வேற ஒண்ணு சொன்னா."

"என்ன சொன்னாங்க?"

பிரிசில்லா கவுனை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றாள். தமிழ்செல்வன் கேமராவை ஆட்டாமல் பிடித்திருந்தான்.

"அம்மாவ ஒரு கட்டில்ல படுக்க வெச்சிருந்தாங்க. கட்டிலச் சுத்தி பச்ச ஸ்கிரீன் துணி போட்டிருந்தாங்க. நல்ல காய்ச்சல், கண்ணே தொறக்கல. நான் ரத்தத்துக்கு ஆள் பாக்கறதுக்கு வெளிய கெளம்பறேன், அப்பத்தான் கையப் புடிச்சு இழுத்தா. என்னவோ ஏதோன்னு குனிஞ்சேன். ஒத்தக் கண்ணத் தொறந்து அந்த ஸ்கிரீனப் பாத்தா. அப்புறம் என்னையப் பாத்தா. பாத்துட்டு, 'ஏனுங்க, இந்தப் பக்கம் இருக்கறது வேற பச்ச, அந்தப் பக்கம் இருக்கறது வேற பச்ச. ஒருத்தர்கூடப் பாக்காமயா தெச்சாங்க?'ன்னா."