ஆறாவது காட்சி

எங்கள் தீவில் பார்க்க ஐந்து காட்சிகள்தான் உண்டு. நட்சத்திர மணல் கடற்கரை, பவளக்கல் மதில் தெரு, பழைய காவல்மேடு, சூரியன் இறங்குகிற மேற்குத் துறை, கடைசியாக என் எருமை ஹன்சோ. படகில் வந்து இறங்குகிறவர்களை வண்டியில் ஏற்றி, இந்த ஐந்தையும் காட்டி, நடுவில் மூன்று தந்திச் சான்ஷின் மீட்டி ஒரு பாட்டும் பாடி, மறுபடி படகில் ஏற்றிவிடுவது பத்தொன்பது வருடமாக என் பிழைப்பு. என் பாட்டு சுமார்தான். எல்லோரும் ஹன்சோவைத்தான் படம் எடுப்பார்கள்.

அந்தத் திங்கட்கிழமை காலை எய்தோக்கு வண்டிக்காரர்கள் எல்லோரையும் கொட்டகையில் கூட்டி ஆளுக்கொரு பளபளப்பான தாளைக் கொடுத்தான். என்னோடு ஒரே வகுப்பில் படித்தவன். நாஹாவில் மேல்படிப்பு முடித்துத் திரும்பி, இப்போது வண்டிக் கம்பெனிக்கு மேலாளர். தாளில் ஆறு படங்கள் இருந்தன. ஆறாவது படம் எங்கள் சாமித் தோப்பின் வாசல். கீழே, 'சக்தி தரும் ரகசியத் தோப்பு' என்று போட்டிருந்தது.

"ஏண்டா எய்தோக்கு, ரகசியம்னா எதுக்குடா அச்சடிச்ச?" என்றேன்.

கொட்டகையே சிரித்தது. அவன் சிரிக்கவில்லை.

"மிசாவோ, காலங்காத்தால வம்பு பண்ணாத. டோக்கியோ சுற்றுலாக் கம்பெனிக்காரங்க ஆறு இடம் கேக்கறாங்க. ஆறு இருந்தாத்தான் வர்றவங்க இங்க ஒரு ராத்திரி தங்குவாங்க. அஞ்சுன்னா மத்தியானப் படகுலயே அடுத்த தீவுக்குப் போயிடுவாங்க."

"அப்ப உன் வீட்டுக் குளிக்கிற ரூமைக் காட்டு. அதுவும் ரகசியம்தான்."

"பேசு, பேசு. உனக்கு வாய் மட்டும்தான்."

"தோப்புக்குள்ள ஆம்பள கால் படக்கூடாதுன்னு உனக்குத் தெரியாதா? நீயே உள்ள போனதில்லையேடா!"

"வாசக்கல்லு வரைக்கும்தான் வருவாங்க. போர்டு வெச்சிடறேன்."

"யாரைக் கேட்டு வெப்ப?"

அப்போதுதான் அவன் அதைச் சொன்னான். "யாரைக் கேக்கறது, நீ சொல்லு? சுகாசா செத்து மூணு வருஷமாச்சு. அன்னைக்குச் சீட்டுத் தட்டைப் பிடிச்சவனே நான்தான். மூணு தடவை குலுக்கினோம். மூணு தடவையும் யார் பேரு விழுந்துச்சு? முடியாதுன்னு எழுந்து போனது யாரு? ஆளே இல்லாத வாசல்ல யார்கிட்ட அனுமதி கேக்கச் சொல்ற?"

சுருக்கென்று தைத்தது. பொய் சொல்லியிருந்தால் அறைந்திருப்பேன். அவன் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

தோப்புக்குள் போய்த் தீவுக்காக வேண்டிக்கொள்கிற பெண்தான் சுகாசா. அவள் இறந்தால் அவள் வம்சத்துப் பெண்களின் பெயர்களை எழுதித் தட்டில் போட்டுக் குலுக்குவார்கள். மூன்று முறை யார் பெயர் விழுகிறதோ அவள்தான் அடுத்தவள். அவள் மறுத்தாலும் இடம் வேறு யாருக்கும் போகாது. அவளுக்காகக் காத்துக்கொண்டே கிடக்கும். வண்டி வேலை இருக்கிறது, நேரமில்லை என்று ஊரிடம் சொன்னேன். உண்மைக் காரணம் அப்பா. சுகாசாவாகிவிட்டால் சாவு வீட்டுப் படி மிதிக்கக்கூடாது, அது சொந்த வீடாக இருந்தாலும். அப்பாவுக்கு எண்பத்து நான்கு வயது, படுத்த படுக்கை, என்னை விட்டால் யாரும் இல்லை. அவர் எலும்பைக் கலசத்தில் எடுத்துவைக்க மகள் இருக்கக்கூடாது என்றால் எனக்கு எந்தச் சாமியும் வேண்டாம் என்று இருந்துவிட்டேன். இதை அவரிடம்கூட நான் சொன்னதில்லை.

எய்தோக்கு என்னை மாற்ற முயலவில்லை. என் எருமையை மாற்றினான். எங்கள் எருமைகளுக்கு வழி மனப்பாடம். கயிற்றை விட்டுவிட்டுத் தூங்கினாலும் நிற்க வேண்டிய இடத்திலெல்லாம் தானாக நின்று, தானாகக் கிளம்பும். அவன் மூன்று நாள் சாயங்காலம் ஹன்சோவைத் தோப்பு வாசலுக்கு ஓட்டிப்போய்க் கரும்புத்தோகை கொடுத்திருக்கிறான். வியாழக்கிழமை நான் எவ்வளவு அதட்டியும் கேட்காமல் ஹன்சோ நேராகப் போய்த் தோப்பின் முன்னால் நின்றுகொண்டு, எங்கே என் தோகை என்று திரும்பிப் பார்த்தது. பத்தொன்பது வருடப் பழக்கத்தை மூன்று கட்டுத் தோகைக்கு விற்றுவிட்டது. அதைச் சொல்லிக் குற்றமில்லை, அது மாடு.

வண்டியில் இருந்தவர்கள் இறங்கிவிட்டார்கள். ஒருவன் வாசல்கல்மேல் ஏறி நின்று பல்லைக் காட்டினான். ஒரு பெண் குடித்து முடித்த காபி டப்பாவை ஊதுவத்தி வைக்கிற கல்லில் வைத்துவிட்டு முடியைச் சரிசெய்துகொண்டாள். அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்தக் கல்லில் மூன்று வருடமாக ஊதுவத்தி எரியவில்லை. அழுக்குப் படிந்து, பார்க்க யாரோ கழற்றிப் போட்ட திண்ணைக்கல் மாதிரி கிடந்தது. உள்ளே போகும் பாதையில் முழங்கால் உயரத்துக்குச் சருகு. இப்படிப் போட்டு வைத்தவள் நான். டப்பாவை எடுத்துக்கொண்டு வந்தேன். அன்று பாட்டே வரவில்லை.

வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன். அவர் முப்பது வருடம் கடலில் சுறா பிடித்தவர். சுறாவிடம் பேசிய பேச்சைத்தான் என்னிடமும் பேசுவார்.

"எண்பத்து நாலு வருஷமா நான் அந்தக் கல்லுக்கு அந்தாண்ட எட்டிப் பாத்ததில்லடி! வெளியூர்க்காரன் செருப்போட ஏறி நின்னு பல்லை இளிப்பானா? நீ என்ன பண்ணிக்கிட்டிருந்த?"

"டப்பா எடுத்தேன்."

"டப்பா எடுத்தாளாம்! பெரிய சாதனை." சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பிறகு சுவரைப் பார்த்தபடியே, "சீட்டு உன் பேருக்குத்தானே விழுந்துச்சு?" என்றார். அன்று ராத்திரி என் பங்குச் சோற்றை அப்படியே மூடிவைத்தேன்.

மறுநாள், பழைய சுகாசாவின் வெள்ளை உடுப்பைப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கும் தோயோ அக்கா வீட்டுக்குப் போனேன். வாசலில் என்னைப் பார்த்ததுமே, "மூணு வருஷம் ஆச்சா உனக்கு, நாலு தெரு நடந்து வர?" என்று கேட்டாள். நான் அழுதேன். அவள் அழவில்லை. பெட்டியைத் திறந்து, உதறி, என் தோளில் வைத்து நீளம் பார்த்தாள். ராத்திரியோடு ராத்திரியாக ஓரம் மடித்துத் தைத்தாள்; சனிக்கிழமை எனக்குச் சரியாக இருந்தது.

சனிக்கிழமைதான் அந்தச் சுற்றுலாக் கம்பெனி டோக்கியோக்காரர்கள் வந்தார்கள். நாலு பேர், இரண்டு காமிராக்கள். எய்தோக்கு பூப்போட்ட சட்டையில் முன்னிருக்கையில் உட்கார்ந்திருந்தான். வெள்ளை உடுப்பில் நான் கயிற்றைப் பிடித்து வண்டியில் ஏறியபோது அவன் முகம் வெளுத்தது. வந்தவர்களோ கைதட்டினார்கள்.

"அருமை! உடுப்பெல்லாம் போட்டு ஏற்பாடு பண்ணிருக்கீங்களே!" என்றார் அவர்களில் தலைவர் போலிருந்தவர்.

"மிசாவோ, என்ன வேஷம் இது?" அவன் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான்.

"வேஷமா? போகப் போகத் தெரியும். உக்காருடா."

ஐந்து காட்சிகளையும் ஒழுங்காகக் காட்டினேன். பாட்டும் பாடினேன், வழக்கத்தைவிட நன்றாகவே. பிறகு ஹன்சோ தன் தோகையைத் தேடித் தோப்பு வாசலில் போய் நின்றது. நான்தான் முதலில் இறங்கினேன். வண்டிக்கடியில் செருகியிருந்த துடைப்பத்தை எடுத்து, வாசல்கல்லின் முன்னால் இந்த ஓரம் முதல் அந்த ஓரம் வரை வெள்ளை மணலைப் பெருக்கினேன். எங்கள் தெருக்களில் தினம் காலை பெருக்குகிறபடிதான். காலடி பட்டால் தெரியும்.

"எல்லாரும் இந்தாண்டயே இருங்க. எய்தோக்கு, அனுமதி கேக்க ஆளில்லன்னியே. இதோ நான் இருக்கேன். வேணாம்னு சொன்னதும் இதே வாய்தான், இப்ப சரின்னு சொல்றதும் இதே வாய்தான். நீ கேட்டதை நான் உள்ள போய்க் கேட்டுட்டு வர்றேன்."

"எவ்வளவு நேரம் ஆகும்?" என்றார் டோக்கியோக்காரர், கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே.

"தெரியாது. மூணு வருஷப் பாக்கி இருக்கு."

விடியும்போதே வந்துவிட்ட தோயோ அக்கா உள்ளே சருகை அள்ளிக்கொண்டிருந்தாள். இருவருமாக வாரினோம். உள்ளே இருந்த பூசைக்கல்லைக் கழுவி ஊதுவத்தி வைத்து உட்கார்ந்தேன். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. வெளிச்சம் வரவில்லை, குரல் கேட்கவில்லை. தாமதமாக வந்ததற்குச் சாமியிடம் மன்னிப்புக் கேட்டேன். அப்பா பெயரைச் சொன்னேன். அவருக்கு நான் கடைசியில் செய்ய முடியாததை நீங்கள் யாரையாவது வைத்துச் செய்துவிடுங்கள் என்றேன், கொஞ்சம் கோபமாகவே. எய்தோக்கு கேட்டதையும் சொன்னேன். பதிலுக்கு நான் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை.

வெளியே வந்தபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. வெள்ளை உடுப்பில் சுகாசா தோப்பிலிருந்து வெளிப்பட்டால் எங்கள் ஆண்கள் செருப்பைக் கழற்றிவிட்டுக் குந்தி உட்கார்ந்து கைகூப்புவார்கள். நடக்கப் பழகும்போதே பழகுவது அது. டோக்கியோக்காரர் எய்தோக்கிடம் ஏதோ கோபமாகப் பேசிக்கொண்டிருந்தார். எய்தோக்கு பதில் சொல்ல வாயெடுத்தவன் என்னைப் பார்த்தான். அடுத்த நொடி செருப்பு ஒரு பக்கம் கிடந்தது. பூப்போட்ட சட்டையோடு மணலில் குந்தி, கைகூப்பி, தலையைக் குனிந்துவிட்டான். அவன் யோசித்துச் செய்யவில்லை. குனிந்த பிறகுதான் என்ன செய்தோம் என்று அவனுக்கே தெரிந்தது. காது சிவந்துபோயிற்று. ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

காமிராக்காரன் ஒருவன் மெல்லத் தன் செருப்பையும் கழற்றினான்.

"வேண்டாமாம்," என்றேன்.

டோக்கியோக்காரர் எய்தோக்கைப் பார்த்தார். "மேலாளர், இதுக்கு நீங்க என்ன சொல்றீங்க?"

எய்தோக்கு குனிந்த தலையை நிமிர்த்தாமல் சொன்னான்: "அஞ்சுதாங்க."

ஹன்சோ மட்டும் தோகை வராமல் நகரமாட்டேன் என்றது. பழக்கினவனே இழுக்கட்டும் என்று கயிற்றை எய்தோக்கு கையில் கொடுத்துவிட்டு நான் நடந்தே வீட்டுக்குப் போனேன். திங்கட்கிழமை எனக்கு வேலை இருக்குமோ இருக்காதோ, எனக்குப் பயமில்லை.

அப்பா ஜன்னல் வழியாக வெள்ளை உடுப்பைப் பார்த்துவிட்டார். நான் உள்ளே போவதற்குள் எப்படியோ எழுந்து உட்கார்ந்து, கைகளைக் கூப்பியிருந்தார்.

"அப்பா, என்ன இது, கையை எறக்குங்க."

"உன்னையில்லடி. சும்மா நில்லு." உடுப்பைப் பார்த்துக் கும்பிட்டு முடித்தார். பிறகு கையை இறக்கிக்கொண்டு, "அப்ப என் சாவுக்கு நீ வரமாட்ட," என்றார்.

நான் சொல்லாமலே அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது.

"வரமாட்டேன்பா."

"சரி. அப்ப உசுரோட இருக்கறப்பவே சோத்தைப் போடு. பசிக்குது."

உடுப்பைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு உலை வைத்தேன்.