நடு மேஜைப் பச்சை

அன்று காலை கண்ணாடிக் கூடத்தில் இருந்தவர்கள்: நோட்டும் பிளேடுமாக ஆய்வாளர் மேடம். தொட்டிகளுக்கு மணல் சலித்துக் கழுவித் தரும் ஸ்டோர்காரர். செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறவன். இவன் ஸ்டோர்காரரின் தங்கை புருஷன், அந்த உறவில்தான் வேலையே கிடைத்தது. அப்புறம் மூன்று மேஜைகள், மேஜைக்குப் பதினாறு தட்டைப்பயறுச் செடிகள்.

முதல் மேஜைக்குத் தண்ணீரைத் தவிர எதுவும் கிடையாது, வெளிறித்தான் கிடக்கும். மூன்றாவதற்கு வாரம் ஒரு தடவை நைட்ரேட் உப்பு. நடு மேஜைக்கு மேடம் வளர்த்த பாக்டீரியா. அது வேரில் குடியேறி, முடிச்சு கட்டி, காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்கு ஊட்ட வேண்டும். ஏற்கெனவே இரண்டு தடவை கைவிட்ட பாக்டீரியா. இதுவும் போனால் குப்பைக்கு என்று மேடம் சொல்லிவிட்டார்.

நடு மேஜை பச்சைப்பசேல் என்றுதான் இருந்தது. மேடம் ஒரு தொட்டியைக் கவிழ்த்து, வாளியில் வேரை அலசித் தூக்கினார். ஒரு முடிச்சு இல்லை. அடுத்ததும் அப்படியே. மூன்றாவதில் கடுகளவில் இரண்டு. பிளேடால் கீறினார். உள்ளே வெள்ளை. உழைக்கிற முடிச்சுக்கு உள்ளே சிவந்திருக்கும்.

"முடிச்சு இல்லாம இவ்வளவு பச்சைன்னா, எங்கயோ தின்னிருக்கு" என்றார் மேடம். ஸ்டோர்காரர் பக்கம் திரும்பினார். "இந்த மேஜைக்கு மட்டும்தான் ரெண்டாவது லோடு மணல். அதுல ஒட்டியிருந்த சத்து போற அளவுக்குக் கழுவுனீங்களா?"

"ஏழு தண்ணி மேடம். என் வீட்டுச் சட்டியக்கூட அத்தனை தடவ கழுவுனதில்ல."

மேடம் சிரிக்கவில்லை. நோட்டைப் புரட்டிப் பேனாவைத் திறந்தார்.

தண்ணீர்க்காரன் ஓரடி முன்னால் வந்தான். அந்தப் பேனா இறங்கினால் மச்சானின் வேலைக்கு உலை. செடி தின்றது அவனே போட்ட உப்பு. மூன்றாம் வாரம் நடு மேஜை மஞ்சளடித்தது. முதல் மேஜை வெளுக்கும் என்று சொல்லியிருந்தார்கள். இதுவும் வெளுக்கும் என்று யாரும் சொல்லவில்லை. ஊற்றுகிறவன் தலையில்தான் விடியும் என்று பயந்து, மூன்றாம் மேஜை உப்பில் ஒரு கரண்டியை வாளியில் கரைத்தான். வாரா வாரம்.

"மச்சான் ஒழுங்காத்தான் கழுவுனாரு. உப்பு போட்டது நான்."

"மாப்ள, சும்மா இரு" என்றார் ஸ்டோர்காரர்.

"மூணாவது வாரம் வெளுத்துப்போச்சு மேடம். நான் சரியா ஊத்தலன்னு நினைப்பீங்கன்னு..."

"வெளுக்கணும்" என்றார் மேடம். "முடிச்சு வேலைய ஆரம்பிக்கிற வரைக்கும் பட்டினிதான். தட்டுல சோறு வந்துட்டா எவன் அடுப்பு மூட்டுவான்? எல்லாத்துக்கும் ஊத்துனீங்களா?"

"தூணுக்குப் பின்னாடி ரெண்டுக்கு இல்ல. அங்க போறதுக்குள்ள வாளி தீர்ந்துடும்."

"அது வெளுத்தே கிடந்துச்சா?"

அவன் தூண் பக்கம் திரும்பிப் பார்த்தான். "இல்ல. தானாவே பச்சையாச்சு."

"அதப் பாத்துட்டும் ஊத்துனீங்க."

"நிறுத்த பயமா இருந்துச்சு."

மேடம் அந்த இரண்டையும் கவிழ்த்து அலசினார். தாய்வேரைச் சுற்றிக் கொத்துக்கொத்தாக முடிச்சுகள். கீறியதும் பிளேடு சிவந்தது. அதே லோடு மணல். அவர் அதை நோட்டில் எழுதினார்.

"ரெண்டு தொட்டிய வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. ஆனா பாக்டீரியா குப்பைக்குப் போகல. திரும்ப முதல்ல இருந்து போடணும்." கையை நீட்டினார். "கூடத்துச் சாவி. உங்க கை சும்மா இருக்காது. எனக்கு ஊத்தாம இருக்கத் தெரிஞ்ச ஆள் வேணும்."

அவன் சாவியைக் கொடுத்தான். மேடம் அதை ஸ்டோர்காரரிடம் தந்தார். மச்சான் அதை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். வாசல்வரை கூட வந்தார்.

"தங்கச்சிகிட்ட என்ன சொல்லப்போற?"

"நடந்ததை."

"அதயாவது உப்பு போடாம சொல்லு." உள்ளே ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "மாப்ள, ஏழு தண்ணி இல்ல. மூணுதான்."

அவன் திரும்புவதற்குள் கதவு சாத்தியாகிவிட்டது. சாவி இரண்டு சுற்று சுற்றியது.