மூழ்கிய பையன்

டுவேன் இரண்டு விரல்களால் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, தண்ணி சூடா இருக்கு, உள்ள வா," என்றான். காபி ஊற்றிக்கொண்டிருந்த பெண் அது சிந்திவிடாமல் இருக்கக் கெட்டிலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். அவளுக்கும் அந்த வசனம் தெரியும். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், எங்கள் ஆற்றை ஒட்டிய ஊர்களில், அது தெரியாதவர்கள் குறைவு. மீன் பிடிக்கப் போகிறவன் தண்ணீரில் கால் வைத்ததும் சொல்வான். நீச்சல் குளத்தில் பிள்ளைகள் சொல்லும். அது எந்தப் படத்தில் வருகிறது என்றுகூடச் சிலருக்குத் தெரியாது.

நான் காகித ஆலையில் இரவு வேலை முடித்து நேராக வந்திருந்தேன். சட்டையெல்லாம் மரக்கூழ் நாற்றம். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் இந்த டோனட் கடையின் மூலை மேசை எங்களுடையது. ஆம்ப்ரோஸ் கேல் என்ற எழுத்தாளரின் பேய் நாவல்கள் எல்லாவற்றையும் படித்தவர்கள், அதைத் தவிர வேறு எதிலும் ஒத்துப்போகாதவர்கள், அங்கே கூடுவோம். டுவேன் பெல்கி பழைய புத்தகக் கடை வைத்திருக்கிறான், அகன்ற உடம்பு, தாடி. ஷெரி பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். மற்றவர்கள் வருவார்கள், போவார்கள். நான் கல்லூரியைப் பாதியில் விட்டவன். பாதி என்பதுகூட மிகை. கேலின் புத்தகங்களை இயந்திரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படித்தேன். அந்த வேலையில் ஒரு மனிதன் தூங்காமல் இருக்க வேறு வழி கிடையாது.

ஒவ்வொரு அக்டோபரிலும் எங்களுக்கு ஒரு சடங்கு உண்டு. கேலின் கதைகளை வைத்து எடுத்த படங்களில் எது ஆக மோசம் என்று வாக்கெடுப்போம். தோற்ற படத்தை மாதக் கடைசிச் சனிக்கிழமை பகல் காட்சியாக இங்கே பழைய தியேட்டரில் போடுவோம். நாலு ஊர்களிலிருந்து ஆள் வருவார்கள். திரையைப் பார்த்துக் கத்துவார்கள், நடிகர்களோடு சேர்ந்து வசனம் சொல்வார்கள். போட்டியெல்லாம் பெயருக்குத்தான். எப்போதும் தோற்பது 'ஆற்றடி மணி'. அதில் பனிக்கட்டியை உடைத்துக்கொண்டு ஒரு செத்த பையன் மேலே வந்து அம்மாவைக் கூப்பிடுவான். படத்தின் முடிவில் ஓடும் பெயர்களில் அவனுக்கு 'மூழ்கிய பையன்' என்று மட்டும் போட்டிருக்கும், பக்கத்தில் டெரிக் ஸ்ப்ரௌல் என்று.

டெரிக் என் அண்ணன். எங்களுக்கு அம்மா ஒன்று, அப்பா வேறு. அதனால் பெயரை வைத்து யாரும் கண்டுபிடிக்கவில்லை. நானும் சொல்லவில்லை.

"இந்த வருஷம் 'கம்பளி'யைப் போடலாம்," என்றேன்.

"ஐயோ ஆர்மன்," என்றாள் ஷெரி. "ஒரு கம்பளி ஆளுங்களை மூச்சுமுட்டிக் கொல்லுது. அதுவும் கம்பி கட்டி இழுக்கறது நல்லாவே தெரியுது. யாரு உக்காந்து பாப்பா?"

"அதைத்தான் சொல்றேன். அதுதான் மோசம்."

"மோசம்னா புத்தகத்துல தொடங்கு," என்றான் டுவேன். "'கடைசித் தபால்' மாதிரி மோசம் உலகத்துலயே கிடையாது. பேய் வர்றதுக்கே நானூறு பக்கம் ஆகுது. வந்து என்ன பண்ணுது? மன்னிப்பு கேக்குது!"

"எனக்கு அது பிடிக்கும்," என்றாள் ஷெரி.

"உனக்கு உன் பழைய புருஷனையே பிடிச்சுது. உன் ரசனையை யாரு கேட்டா?"

"அவன் மன்னிப்பு கேட்டதில்லடா. அதான் அந்தப் பேயைப் பிடிச்சுது."

மேசை சிரித்தது. நான் விடவில்லை. 'ஆற்றடி மணி' ஒன்றும் அவ்வளவு மோசமில்லை, ஒளிப்பதிவு நன்றாக இருக்கிறது, பாதிரியாராக வருகிறவர் நன்றாக நடித்திருக்கிறார் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன். சொல்லச் சொல்ல அவர்கள் முகத்தில் குறும்பு ஏறியது. படத்தை ஆதரித்து ஒருவன் பேசினால் அதைப் போட்டே தீர வேண்டும் என்று எங்கள் ஆட்களுக்குத் தோன்றும். அது எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

"அந்தப் பையன்..." என்று ஆரம்பித்தேன்.

அப்போதுதான் டுவேன் மறுபடி மூக்கைப் பிடித்துக்கொண்டான். இந்த முறை கண்ணையும் உருட்டினான். பக்கத்து மேசையில் ஒரு கிழவர் காபியைத் துப்பிவிட்டுச் சிரித்தார். நான் என் டோனட்டைப் பிய்த்தேன்.

"நாங்க அதை வெறுக்கறோம்னா நினைக்கற?" என்றான் டுவேன், கொஞ்சம் தணிந்து. "கம்பளியைத்தான் வெறுக்கறோம். மணியைப் பாக்கத்தான் ஜனம் வருது. அந்தப் பையன் இல்லன்னா ஹால் காலி."

கைகள் உயர்ந்தன. என் கை மட்டும் மேசைமேல் கிடந்தது.

விஷயம் இதுதான்: இந்த வருடம் அம்மா வருவதாகச் சொல்லியிருந்தாள். அம்மா ஆற்றின் மேல்கரையில் இருக்கும் என் ஊரில் தேவாலயத்தைப் பெருக்கித் துடைக்கும் வேலையில் இருந்தவள். சனிக்கிழமைகளில் ஓய்வே கிடையாது. வசந்தத்தில் முழங்கால் போய் வேலையை விட்டாள். முடிவெட்டும் கடையில் யாரோ, "உங்க பையன் படத்தை அங்க வருஷா வருஷம் போடறாங்க, உக்கார இடமே கிடைக்காது," என்று சொல்லிவிட்டார்கள். அவ்வளவுதான் சொன்னார்கள். மீதியைச் சொல்லவில்லை.

எங்கள் வீட்டில் வீடியோ கேமரா இருந்ததில்லை. டெரிக்கின் குரல் வேறு எங்கும் இல்லை. படக்காரர்கள் பள்ளிக்கு வந்து, மூச்சடக்கத் தெரிந்த பையன் வேண்டும் என்று கேட்டு, அவனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். குளிர்ந்த தொட்டியில் அவனைத் திரும்பத் திரும்ப முக்கியதில் சளி பிடித்து, மூக்கு அடைத்து, அந்த ஒரு வசனத்தை மூக்கால் பேசிவிட்டான். யாருக்கும் அதை மறுபடி பதிவு செய்யத் தோன்றவில்லை. அம்மா அந்தப் படத்தின் நாடாவை வாங்கி அந்த இடத்தையே ஓட்டி ஓட்டித் தேய்த்துவிட்டாள். பிறகு அவன் பெரியவனானான், போதை மாத்திரைகளுக்குப் போனான், ஒரு நாள் எங்கள் குளியலறைத் தரையில் உயிரில்லாமல் கிடந்தான். கதவை உடைத்தது நான். அதற்குமேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

டோனட் கடையிலிருந்து வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். "அம்மா, அது ஒரு மாதிரியான கூட்டம். சத்தம் போடுவாங்க."

அம்மா உருளைக்கிழங்குத் தோலைச் சீவிக்கொண்டிருந்தாள். "பேய்ப்படம்னா சத்தம் போடத்தான் செய்வாங்க."

"கேலி பண்ணுவாங்கம்மா."

"யாரை?"

"படத்தை," என்றேன்.

"படம் மட்டம்தான்," என்றாள். "எனக்கே தெரியும். நான் படத்தைப் பாக்கவா வரேன்?"

டுவேனுக்குத் தொலைபேசியில் சொல்லிவிடலாம் என்று எண்ணை அழுத்தினேன். அவன் எடுத்ததும், "டேய், ஹால் நிறைஞ்சிடும்டா, கனடாலருந்துகூட ஒரு கோஷ்டி வருது," என்று கத்தினான். சொன்னால் அவன் நிறுத்திவிடுவானா? நிறுத்தினாலும் வருகிற கூட்டத்தின் வாயை யார் கட்டுவது? அம்மாவிடம் எதைச் சொல்லி அவளை வீட்டில் உட்கார வைப்பது? யாருக்கென்று சொல்லாமல், கூடுதலாக ஒரு இருக்கை மட்டும் எடுத்து வைக்கச் சொன்னேன்.

சனிக்கிழமை அம்மா சாம்பல் நிறக் கோட்டு போட்டு, கழுத்தில் கம்பளித் துண்டு சுற்றி, உதட்டுச் சாயம் பூசி வந்தாள். மூன்றாவது வரிசையில், நடைபாதை ஓரம் அவளை உட்கார வைத்து, பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒவ்வொரு வருடமும் அந்தக் காட்சி வருவதற்கு முன் நான் சிகரெட் பிடிக்க வெளியே போய்விடுவேன். இந்த முறை போக வழியில்லை. முன் வரிசையில் டுவேன் செத்த பையனின் வேஷத்தில் இருந்தான். முகத்தில் நீலச் சாயம், சின்னப் பையனின் கோடு போட்ட சட்டை அவன் தொப்பைக்கு மேலேயே நின்றுவிட்டது.

படம் ஓடியது. பாதிரியார் வந்தபோது கத்தினார்கள், மணி அடித்தபோது எல்லோரும் டாங் டாங் என்றார்கள். அம்மா கைப்பையைப் பிடித்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தாள். பனி மூடிய ஆறு வந்தது. ஹால் சட்டென்று அடங்கியது. அந்த அடக்கத்தை நான் அதுவரை கேட்டதில்லை, வெளியே இருந்ததால். பிறகு நூற்றுக்கணக்கான கைகள் மூக்குக்குப் போயின. டுவேன் எழுந்து நின்று ஒரு தண்ணீர்ப் புட்டியைத் தன் தலையில் கவிழ்த்துக்கொண்டான். திரையில் பனி உடைந்தது. என் அண்ணன் மேலே வந்தான், பத்து வயது, உதடு நடுங்க. அவன் வாய் திறந்ததும் மொத்த ஹாலும் சொன்னது.

அவன் குரல் கேட்கவில்லை. அம்மா வந்தது அதற்காகத்தான். அது அவ்வளவு பேரின் குரலுக்கடியில் போய்விட்டது.

சிரிப்பு வெடித்தது, கைதட்டினார்கள், ஒருவன் விசில் அடித்தான். நான் அம்மாவைப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் பார்த்தேன். அவள் திரையைப் பார்க்கவில்லை. உடம்பைத் திருப்பி, பின்னால் வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களை ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாருக்கும் மனப்பாடமா இருக்கு," என்றாள். கேள்வியா, வேறு ஏதாவதா என்று எனக்குத் தெரியவில்லை. அவள் குரலை வைத்து எதையும் ஊகிக்க முடியவில்லை.

"அம்மா, போயிடலாம்."

அவள் எழுந்தாள். ஆனால் வாசல் பக்கம் போகவில்லை. முழங்காலைச் சாய்த்துச் சாய்த்து நடைபாதையில் முன்னால் போனாள். டுவேன் கூட்டத்தைப் பார்த்துக் குனிந்து வணங்கிக்கொண்டிருந்தான், தாடியிலிருந்து நீலத் தண்ணீர் சொட்ட. "உக்காரு பாட்டி!" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். நான் பின்னாலேயே போனேன். அவள் கையைப் பிடிக்க எனக்குத் துணிவில்லை.

அம்மா அவன் முன்னால் நின்றாள். டுவேன் பல்லைக் காட்டினான், புகைப்படம் எடுக்க வந்திருக்கிறாள் என்று நினைத்திருப்பான். அவள் கழுத்துத் துண்டை அவிழ்த்தாள். கையை உயர்த்தி அவன் பிடரியைப் பிடித்துத் தலையைத் தாழ்த்தினாள்.

"இப்படியா நிப்பாங்க?" என்றாள். "சளி பிடிக்காது?"

துண்டால் அவன் தலையைத் துவட்ட ஆரம்பித்தாள். பள்ளிக்குக் கிளம்பும் பிள்ளைக்குத் துவட்டுவதுபோல அழுத்தி, அவசரமாக. அவன் தலை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஆடியது. முதலில் சிரித்தான். பிறகு துண்டுக்கு இடையிலிருந்து என்னைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான், மறுபடி என்னைப் பார்த்தான். அவன் சிரிப்பு நின்றது. நான் தலையை மட்டும் அசைத்தேன். திரையில் வேறு யாரோ ஓடிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெரிய உடம்பை இன்னும் கொஞ்சம் தாழ்த்தி, அவளுக்கு எட்டும்படி, டுவேன் முழங்காலிட்டான். அவள் காதுக்குப் பின்னால் துடைத்தாள். சாம்பல் நிறக் கோட்டின் கைகளில் நீலம் ஏறிக்கொண்டே வந்தது.