எண்ணெய் தேய்க்காத ஒரே ஆள்

குற்றாலத்துக்கு எத்தனை தடவை போயிருக்கிறேன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. எத்தனை தடவை குளித்திருக்கிறேன் என்று கேட்டால் உடனே சொல்லிவிடுவேன். கல்யாணத்துக்குப் பிறகு ஒரு தடவைகூட இல்லை.

எங்கள் ஊர் சங்கரன்கோவிலிலிருந்து குற்றாலம் ஒரு மணி நேரப் பயணம்தான். சாரல் விழுகிறது என்று காதில் விழுந்தால் போதும், எங்கள் வீட்டில் யாருக்கும் இருப்புக் கொள்ளாது. என் வீட்டுக்காரர் ஜெர்சோன் பள்ளிக்கூடத்தில் பி.டி. சார். வீட்டிலும் அதே ஆள்தான், விசில் மட்டும் கிடையாது. அருவிக்கரைக்குப் போனதும் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை நல்லெண்ணெய் தேய்க்க வைப்பார். எண்ணெய் தேய்க்காமல் தண்ணீரில் நின்றால் நெஞ்சில் சளி கட்டும் என்பது அவர் கட்சி. இவரும் மகன் கிறிஸ்வினும் மகள் ஜாய்லினும் மினுமினுவென்று இறங்கிப் போவார்கள். நான் கரையில் நிற்பேன். இரண்டு தோளிலும் பை, கையில் எல்லாருடைய செல்போனும், கழுத்தைச் சுற்றித் துண்டு, காலடியில் செருப்புக் குவியல். நடுவே குரங்கு வந்தால் அதையும் விரட்ட வேண்டும். யாராவது ஒருத்தர் சாமான் பார்க்க வேண்டும் இல்லையா என்பார்கள். அந்த யாராவது ஒருத்தருக்கு எங்கள் வீட்டில் ஜெனிபா என்று பெயர்.

இந்த மே மாதம் அருவியில் பாறைதான் தெரிந்தது. ஊரில் வெயில் மண்டையைப் பிளந்தது. பிள்ளைகள் இரண்டு பேரும் கொச்சிப் பக்கம் இருக்கிற அந்தப் பெரிய தீம் பார்க்குக்குப் போயே ஆக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார்கள். கிறிஸ்வின் வகுப்பில் பாதிப் பேர் போய்விட்டு வந்து அலட்டிக்கொள்கிறார்களாம்.

"அங்கன அப்படி என்னலே இருக்கு?" என்று கேட்டார் இவர்.

"தண்ணிப்பா. பாதி பார்க்கு தண்ணிதான். மேல இருந்து கொட்டும், கீழ இருந்து பீச்சும், கடல் மாதிரி அலையெல்லாம் வரும்."

"தண்ணிதானே? அப்ப சரி."

அந்த 'அப்ப சரி'யில்தான் எல்லா வினையும் இருந்தது. அவரைப் பொறுத்தவரை அது டிக்கெட் போட்ட குற்றாலம்.

ஜாய்லின் என்னிடம் போனில் ஒரு வீடியோ காட்டினாள். ஒரு படகு ஆட்களை ஏற்றிக்கொண்டு பனைமர உயரத்துக்கு மேலே போகிறது. உச்சியில் ஒரு நிமிஷம் யோசித்துக்கொண்டு நிற்கிறது. பிறகு தலைகுப்புறத் தண்ணீரில் விழுகிறது. முன் வரிசையில் ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். கத்திக்கொண்டே சிரிக்கிறாள், சிரித்துக்கொண்டே கத்துகிறாள். நான் மறுபடி போடச் சொன்னேன். ஜாய்லின் அலுத்துப்போய்ப் போனை என் கையிலேயே கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

எனக்கு அந்தப் படகில் ஏற வேண்டும். ஆசை என்றால் அப்படி ஓர் ஆசை. ஆனால் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் என்ன நடக்கும் என்று தெரியும். எப்போதோ ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் ராட்டினம் ஏறி, அது முழுதாக ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் இறக்கிவிடச் சொல்லி நான் கூப்பாடு போட்ட கதையை இவர் எடுத்து விடுவார். அந்தக் கதையைச் சொல்லாமல் எங்கள் சபையில் ஒரு கல்யாண வீடு முடிந்ததில்லை. எனக்கே உள்ளுக்குள் சந்தேகம்தான், நான் அவ்வளவுதானோ என்று. அதைத் தீர்த்துக்கொள்ளவாவது ஏற வேண்டும்.

தண்ணீரில் இறங்க நைலான் துணிதான் போட வேண்டும் என்று ஜாய்லின் படித்துச் சொன்னாள். பஜாரில் மூன்று செட் எடுத்து வா என்றார் இவர். நான் நான்கு எடுத்தேன். நான்காவதைப் பைக்கு அடியில், புளிச்சோற்று வாளிக்குக் கீழே வைத்தேன். அந்த இடத்தில் என்னைத் தவிர ஒருத்தரும் கை வைக்க மாட்டார்கள்.

முதல் நாளே காரில் கிளம்பிப் புனலூரில் என் சித்தி மகள் வீட்டில் தங்கி, மறுநாள் காலையில் பார்க்குக்குப் போய்ச் சேர்ந்தோம். இவர் காரை நிறுத்தியதும் எல்லாரும் கண்ணை மூடினோம். ஜெபம் பண்ணாமல் எங்கள் வீட்டில் எதிலும் இறங்குவதில்லை. வழிப்பயணத்துக்கு நன்றி சொன்னார். வண்டியின் பிரேக்குக்கு நன்றி சொன்னார். "இந்தப் பார்க்கில உள்ள ஒவ்வொரு நட்டையும் போல்ட்டையும் உம்முடைய கரத்தில் ஒப்புக்கொடுக்கிறோம் ஆண்டவரே" என்று முடித்தார். நான் சத்தமில்லாமல் ஒரு வரி சேர்த்துக்கொண்டேன். "நான் பாதியில் இறங்காம இருக்கணும் ஆண்டவரே."

வெளிச் சாப்பாடு உள்ளே விடமாட்டார்கள் என்பதால் புளிச்சோற்றைக் காலை நேரத்திலேயே டிக்கியைத் திறந்து வைத்துச் சாப்பிட்டோம். கை கழுவியதும் இவர் டிக்கியிலிருந்து நல்லெண்ணெய்ப் பாட்டிலை எடுத்தார்.

"அப்பா, இங்கன எல்லாமா?" என்றாள் ஜாய்லின்.

"தண்ணி எங்கன இருந்தா என்னட்டி? சளி சளிதானே. கேரளாக்காரன் எண்ணெயிலதான் பிறக்குதான், எண்ணெயிலதான் வளருதான். ஒண்ணும் சொல்ல மாட்டான். குனி."

சுற்றிலும் கார்கள் வந்து நின்றுகொண்டிருந்தன. இறங்கியவர்கள் எல்லாம் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனார்கள். கிறிஸ்வினுக்கு இந்த வருஷம்தான் மீசை அரும்பியிருக்கிறது. மானம் போகிறதே என்று கார் கதவுக்குப் பின்னால் ஒளிந்து நின்று தேய்த்துக்கொண்டான். இவர் பனியனைக் கழற்றிவிட்டு முதுகை என் பக்கம் திருப்பினார். தேய்த்துவிட்டேன்.

"எனக்கும் கொஞ்சம் ஊத்துங்க" என்றேன், என்ன சொல்கிறார் என்று பார்ப்பதற்காக.

"உனக்கு எதுக்கு? நீ சாமான் பாத்துக்கிட்டு நிக்கப் போற. வீணா எதுக்கு எண்ணெயச் செலவழிக்க?"

மனுஷன் குத்திப் பேசவில்லை. வானம் மேலே இருக்கிறது என்பதுபோல் சொன்னார். அதனால்தான் எனக்குக் கூடுதலாக வலித்தது.

கேட்டைத் தாண்டியதும் லாக்கர் இருந்தது. வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று பலகை வைத்திருந்தார்கள். கிறிஸ்வின் அந்தப் பக்கம் நகர்ந்தான். "ஏலே, பூட்டை எல்லாம் நம்ப முடியாது. உங்க அம்மா கண்ணுக்கு ஈடா எந்தப் பூட்டு இருக்கு?" என்றார் இவர். என்னைப் பாராட்டிவிட்டதாக நினைத்து ஒரு சிரிப்பு வேறு.

தண்ணீர் விளையாட்டுகளுக்கு என்று தனியாக ஒரு வாசல். அங்கே விசில் மாட்டிய ஒரு காவலாளி. இவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முதல் ஆளாகப் போனார். காவலாளி மூக்கை உறிஞ்சினான். இவர் கையை ஒரு விரலால் தடவி, விரலை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"சேட்டா, இது எண்ணையல்லே?"

"ஆமா. செக்குல ஆட்டுன சுத்தமான நல்லெண்ணெ" என்றார் இவர் பெருமையாக.

"எண்ணை பாடில்லா. வெள்ளம் சீத்தை ஆகும். போய் சோப் போட்டுக் குளிச்சிட்டு வா." எண்ணெய் கூடாதாம், தண்ணீர் கெட்டுப்போகுமாம்.

"குளிக்கப் போறதுக்கு முன்னால குளிக்கணுமா? ஊர் உலகத்துல உண்டாய்யா இது?"

காவலாளி விசிலை ஊதி, கையை ஓரமாக நீட்டினான். ஊரில் பிள்ளைகளை வெயிலில் நிற்கவைத்து விசில் ஊதுகிற மனிதர், இன்னொருத்தன் ஊதிய விசிலுக்குக் கீழ்ப்படிந்து ஓரமாகப் போய் நின்றார். கண்கொள்ளாக் காட்சி என்பார்களே, அது அதுதான்.

பக்கத்திலேயே ஷவர் இருந்தது. மூன்று பேரும் போய் நனைந்துவிட்டு வந்தார்கள். காவலாளி விரலால் தடவினான். வழுக்கியது. திரும்பப் போகச் சொன்னான். சோப்பு வாங்கிப் போட்டுவிட்டு வந்தார்கள். மறுபடி தடவினான். கிறிஸ்வின் முதுகில் அவன் விரல் சறுக்கு மரம்போல் சறுக்கிக்கொண்டு போனது. என் வீட்டுக்காரர் எண்ணெய் தேய்த்தால் அது சும்மா தேய்ப்பு இல்லை, எலும்பு வரை இறங்கும். பின்னால் நின்ற கூட்டம் சிரித்தது. ஜாய்லினுக்கு அழுகை முட்டியது. "எல்லாம் ஒங்களாலதாம்ப்பா" என்றாள்.

நான் பைகளோடு நின்றுகொண்டிருந்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்தக் குடும்பத்தில் எண்ணெய் தேய்க்காத ஒரே ஆள் நான். முந்தின நாள் தலைக்குக் குளித்தேன், மூட்டை கட்டுகிற அவசரத்தில் தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைக்கக்கூட நேரம் கிடைக்கவில்லை. இவர் முதுகில் தேய்த்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, காவலாளி முன்னால் போய் நீட்டினேன். தடவிப் பார்த்தான். "ஓகே சேச்சி" என்றான்.

திரும்பி வந்து பையின் அடியிலிருந்து நான்காவது செட்டை உருவினேன். இரண்டு பைகளையும் இவருடைய இரண்டு தோளில் மாட்டினேன். என் கைப்பையைக் கழுத்தில் போட்டேன். சோப்பு நுரை காதோரம் வழிய இவர் என்னைப் பார்த்தார்.

"எங்கட்டி போற?"

"படகுக்கு."

"நீயா? ராட்டினத்துல ஏறி நீ..."

"சாமானப் பத்திரமாப் பாத்துக்கங்க. இங்கன குரங்கு கிடையாது, பயப்படாதீங்க."

துணி மாற்றிக்கொண்டு வரிசையில் போய் நின்றபோது வீராப்பு இருந்தது. படியேற ஏற அது ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்தது. மேலே போனால் கம்பித் தடுப்பில் சின்னதாக ஒரு கதவு. வேண்டாம் என்பவர்கள் அந்த வழியாக இறங்கிப் போய்விடலாம். ஒரு காலேஜ் பையன் என் கண் முன்னாலேயே இறங்கிப் போனான். நானும் இறங்கிப் போய், கூட்டம் அதிகம், இடம் கிடைக்கவில்லை என்று ஒரு பொய்யைச் சொன்னால் முடிந்தது. யார் கேட்கப் போகிறார்கள்?

"நீங்களும் நம்ம பக்கமாக்கா?" என்று பின்னால் ஒரு குரல். தலையோடு மூடிய நீச்சல் உடையில் ஒரு பெண். கடையநல்லூராம், பெயர் மீரா பீவியாம். என் பேச்சு எப்படி அவள் காதில் விழுந்ததோ தெரியவில்லை. ஒருவேளை நான் வாய்விட்டு ஜெபம் பண்ணிக்கொண்டிருந்திருப்பேன்.

"பயமா இருக்கு" என்றேன் அவளிடம். வீட்டில் யாரிடமும் சொல்லாததை அவளிடம் சொல்லிவிட்டேன்.

"எனக்கு மட்டும் இல்லியாக்கும்? எங்க வீட்ல எல்லாரும் கீழ நிக்காவ. நான் இறங்கிப் போனா காலம் பூரா சொல்லிக் காட்டுவாவ. ஏறுங்க, கைய நான் பிடிச்சுக்கிடுதேன்."

ஏறினோம். முன் வரிசைதான் கிடைத்தது. மடியின்மேல் இரும்புக் கம்பி வந்து இறங்கியது. அந்தக் கம்பி பூட்டிக்கொண்ட சத்தம் கேட்டதும், இனி இறங்க முடியாது என்பதே எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. படகு உச்சிக்குப் போய் நின்றது. கீழே மனிதர்கள் எறும்பாகத் தெரிந்தார்கள். அந்த எறும்புகளில் ஒன்றுக்கு மட்டும் இரண்டு பக்கமும் பை தொங்கியது. பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்க வாயைத் திறந்த நேரத்தில் படகு விழுந்தது.

"ஏசப்பா!" என்று நான் கத்தினேன். "யா அல்லாஹ்!" என்று அவள் கத்தினாள். வயிறு மேலேயே தங்கிவிட்டது, நான் மட்டும் கீழே வந்தேன். தண்ணீர் சுவராக எழுந்து வந்து முகத்தில் அறைந்தது. மூக்கு, காது, வாய் எல்லாம் தண்ணீர். எத்தனையோ வருஷத்து அருவியெல்லாம் சேர்த்து ஒரேயடியாகத் தலையில் கொட்டியதுபோல் இருந்தது. படகு நின்ற பிறகும் இரண்டு பேரும் கத்துவதை நிறுத்தவில்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷம். நான் அவ்வளவுதானோ என்ற சந்தேகம் போன இடம் தெரியவில்லை.

மீரா பீவி தன் கூட்டத்தைத் தேடிப் போனாள். நான் தலையைப் பிழிந்துகொண்டே வெளியே வந்தேன். மூன்று பேரும் வாசலில் நின்றார்கள். ஒருவழியாக எண்ணெய் போய், தேய்த்துக் கழுவிய பாத்திரம்போல் இருந்தார்கள்.

"அம்மா, உன் சத்தம் இங்கன வரைக்கும் கேட்டுச்சு!" என்று கிறிஸ்வின் துள்ளினான்.

இவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "முழுசாப் போயிட்டியே! பரவால்லயே" என்றார். அதில் நிஜமாகவே மெச்சுதல் இருந்தது. அடுத்த மூச்சில் தோளிலிருந்து பைகளைக் கழற்றி நீட்டினார். "சரி, இந்தா பிடி. இனி நாங்க போயிட்டு வாரோம்."

என் கை தானாக நீண்டது. யாரும் இழுக்கவில்லை, அதுவாகவே நீண்டது. எனக்கு இவர்மேல்கூட அவ்வளவு கோபம் வரவில்லை, என் கைமேல்தான் வந்தது. நீட்டிய கையை மடக்கிக்கொண்டேன்.

"நான் பிடிக்க மாட்டேன். எனக்கு இன்னொருக்கா போணும்."

பைகள் நடுவில் தொங்கின. இவர் கிறிஸ்வினைப் பார்த்தார். கிறிஸ்வின் படகைப் பார்த்தான்.

"அம்மா நீ போம்மா" என்று ஜாய்லின் முன்னால் வந்தாள். "நான் நிக்கேன். பையை எங்கிட்ட குடுங்கப்பா."

இவர் முகம் தெளிந்தது. "ஆங், அப்படிச் சொல்லு. எம் பொண்ணு சமத்து" என்று பையை அவள் தோளில் மாட்டினார். அவளும் வாகாகத் தோளைக் கொடுத்தாள். செருப்பைக் காலடியில் சேர்த்து வைத்துக்கொண்டாள். துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். ஒருத்தரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. ஏழாம் வகுப்பு முடித்த பிள்ளை அப்படியே என்னைப்போல நின்றது.

படகு விழுந்தபோதுகூட நான் இப்படிப் பயப்படவில்லை.

"ஏட்டி, அதக் கீழ போடு!"

நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வரிசை திரும்பிப் பார்த்தது. ஜாய்லின் மிரண்டு போனாள். அவள் தோளிலிருந்து பையை நானே கழற்றி இவர் கையில் திணித்தேன். துண்டை உருவிக் கிறிஸ்வின் கழுத்தில் போட்டேன்.

"லாக்கர்ல வைப்பீங்களோ, தலையில வச்சுக்கிட்டு நிப்பீங்களோ, அது அப்பனும் மகனும் பட்ட பாடு. எம் மக நிக்க மாட்டா."

நான் ஜாய்லின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு வரிசைக்கு நடந்தேன். அவள் ஈரக்கால் வழுக்க என் பின்னாலேயே ஓடி வந்தாள்.

"அம்மா, மேல போனா ரொம்பப் பயமா இருக்குமா?"

"இருக்கும் மக்கா. வா."